இ.டி.பி. டேங்குக்குள் ஆள் இறங்கும் முன்: கேஸ் டிடெக்டர் வாங்குவது, சோதிப்பது, வாசிப்பது

திருப்பூர், பெருந்துறைப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் இ.டி.பி. (கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம்) பொறுப்புக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். ஆடிட் வருகிறது, கேஸ் டிடெக்டர் ஒன்று வாங்கி வையுங்கள் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். எங்கே ஆரம்பிப்பது? நான் இந்த வேலைக்கு வந்தபோது கொட்டேஷன் கொடுக்க வந்தவர்கள் எல்லோரும் மெஷினின் பெருமையைச் சொன்னார்கள். அதை டேங்க் வாயில் எப்படிப் பிடிப்பது, வாங்கிய பிறகு வருடா வருடம் என்ன செலவு வரும் என்பதை யாரும் சொல்லவில்லை. ஒவ்வொன்றாகக் கேட்டும் அலைந்தும் தெரிந்துகொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். தோல் தொழிற்சாலை, காகித ஆலை, ஸ்டார்ச் ஆலைக்காரர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

நம் தொழிலில் கேஸ் எங்கிருந்து வருகிறது என்பதை மட்டும் முதலில் தெரிந்துகொள்ளுங்கள். சாயம் ஏற்றப் போடும் கிளாபர் உப்பு என்பது சோடியம் சல்ஃபேட். கழிவுநீர் காற்றோட்டமில்லாமல் தேங்கி அடியில் சேறு படிந்தால், அதிலுள்ள பாக்டீரியா இந்தச் சல்ஃபேட்டை ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றிவிடும். எல்லோரும் எச்2எஸ் என்று சொல்வது இதைத்தான். சல்ஃபர் பிளாக் ஓட்டும் பட்டறையில் இன்னொரு வழியும் உண்டு. அந்தச் சாயத்தோடு சோடியம் சல்ஃபைடு சேர்கிறது. அந்தத் தண்ணீர் இருக்கும் டேங்கில் நியூட்ரல் செய்ய ஆசிட் விட்டால், பாக்டீரியாவுக்கெல்லாம் காத்திராமல் அப்போதே எச்2எஸ் கிளம்பும். ஆள் உள்ளே இருக்கும்போது ஆசிட் டோசிங் லைன் பூட்டப்பட்டிருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

1. ஆள் இறங்கத்தான் வேண்டுமா?

டிடெக்டர் கைக்கு வந்ததும் "இனி தைரியமாக இறங்கலாம்" என்ற நினைப்பு எல்லோருக்கும் வரும். முதல் பொறி இதுதான். சேறு எடுப்பதற்கு ஸ்லட்ஜ் பம்ப் போதுமா, உறிஞ்சும் லாரி போதுமா, மேலிருந்து ஜெட் அடித்தால் போதுமா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலான வேலை வெளியில் நின்றே முடிந்துவிடும். மிஞ்சுவது டிஃப்யூசர் (அடியில் காற்றுக் குமிழி விடும் பாகம்) மாற்றுவது, வால்வு சரிபார்ப்பது, உள் பூச்சு அடிப்பது போன்ற சில வேலைகள்தான்.

செப்டிக் டேங்க், சாக்கடைக் குழி விஷயத்தில் பேச்சே வேண்டாம், லாரி வையுங்கள். பாதுகாப்பில்லாமல் அதில் ஆளை இறக்குவது கையால் மலம் அள்ளும் வேலையைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சாக்கடையில் இறந்தவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் சொல்லிவிட்டது. டிடெக்டர் கையில் இருந்தது என்பது அங்கே பதிலாகாது.

அப்புறம், டேங்க் மட்டும்தான் அடைபட்ட இடம் என்று நினைக்காதீர்கள். சிக்கிய துணியை எடுக்க ஆள் தலையை விடும் சாஃப்ட் ஃப்ளோ மெஷின், சாஃப்ட்னர் வெசல், பாய்லர் டிரம், கேபிள் டிரெஞ்ச் எல்லாமே இதில் சேரும். உங்கள் யூனிட்டை ஒருமுறை சுற்றி வந்து பட்டியல் போட்டு, ஒவ்வொன்றின் வாயிலும் போர்டு மாட்டுங்கள்.

2. எந்த மெஷின்?

கேட்க வேண்டியது நான்கு வாயு டிடெக்டர். ஆக்சிஜன், எரியக்கூடிய வாயு (திரையில் எல்இஎல், விளக்கம் ஏழாவது தலைப்பில்), எச்2எஸ், கார்பன் மோனாக்சைடு. ஹனிவெல், எம்எஸ்ஏ, டிரேகர், ரிக்கன் கெய்க்கி என்று பல கம்பெனிகளின் மாடல்கள் இங்கே கிடைக்கின்றன. பிராண்ட் பார்ப்பதற்கு முன் ஒரு கேள்வி: இதற்கு சர்வீஸ் செய்ய, கோயம்புத்தூரிலோ ஈரோட்டிலோ ஆள் இருக்கிறாரா? மெஷினைச் சர்வீசுக்காகத் தொலைவுக்கு அனுப்பினால் திரும்பி வரும் வரை உங்கள் டேங்க் வேலை நிற்கும். அல்லது நிற்காமல் நடந்துவிடும், அது இன்னும் மோசம்.

இரண்டு வகை இருக்கின்றன. ஒன்று, காற்று தானாக சென்சாரில் படும் சாதாரண வகை. இன்னொன்று, உள்ளேயே உறிஞ்சும் பம்ப் வைத்தது. இறங்குவதற்கு முன் டேங்கின் அடி வரை டியூப் விட்டுப் பார்க்க பம்ப் வேண்டும். விலை குறைவென்று சாதாரண வகை மட்டும் வாங்கிய இடங்களில், மெஷினைக் கயிற்றில் கட்டிக் கீழே இறக்குகிறார்கள். கீழே என்ன எண் காட்டியது என்று மேலே நிற்பவருக்குத் தெரியாது, அலாரம் அடித்தால் மட்டும் கேட்கும். மெஷின் தண்ணீரில் விழுந்த கதைகளும் உண்டு. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் பம்ப் உள்ளதை வாங்குங்கள். இரண்டு வாங்க முடிந்தால் மேலே ஒன்று, இறங்குபவர் நெஞ்சில் ஒன்று.

எச்2எஸ் மட்டும் பார்க்கும் கிளிப் வகை மலிவு. இ.டி.பி. பக்கம் சுற்றும் ஆபரேட்டருக்கு நல்ல பொருள். டேங்குக்குள் இறங்க அது போதாது, ஆக்சிஜன் குறைந்தால் அதற்குத் தெரியாது.

நான்கு வாயு மெஷினும் எல்லாவற்றையும் பார்த்துவிடாது. ஹைட்ரோஸ் (சோடியம் ஹைட்ரோசல்ஃபைட்) கெட்டுப்போனால் வரும் சல்ஃபர் டையாக்சைடு, பிளீச்சிங் ஹைப்போவில் ஆசிட் கலந்தால் வரும் குளோரின் இரண்டையும் அளக்கும் சென்சார் சாதாரண நான்கு வாயு மாடலில் கிடையாது. உங்கள் யூனிட்டில் அந்த ஆபத்து இருந்தால் ஆர்டர் போடும்போதே தனி சென்சார் கேளுங்கள்.

3. பட்ஜெட்: மெஷின் விலை பாதிக் கணக்கு

எங்களுக்கு வந்த விலைப்பட்டியல்களை வைத்துச் சொல்கிறேன். உங்களுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். எல்லாவற்றுக்கும் மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம்.

பம்ப் இல்லாத நான்கு வாயு மெஷின் 25,000 முதல் 50,000 ரூபாய். பம்ப் உள்ளது 50,000 முதல் 90,000. எச்2எஸ் கிளிப் 8,000 முதல் 15,000. இதோடு முடிந்தது என்று நினைத்து பர்ச்சேஸ் ஆர்டர் போட்டுவிடுவார்கள். மீதி இருக்கிறது.

சோதனைக் கேஸ் சிலிண்டர், ரெகுலேட்டரோடு 15,000 முதல் 30,000. அளவு தெரிந்த கேஸ் கலவை கொண்ட கையடக்க சிலிண்டர் இது. இது இல்லாமல் டிடெக்டர் வாங்குவதில் பொருளே இல்லை. ஏன் என்பதை ஐந்தாவது தலைப்பில் சொல்கிறேன். வழக்கமான 58 லிட்டர் சிலிண்டரிலிருந்து நிமிடத்துக்கு அரை லிட்டர் வெளியேறும். ஒரு சோதனைக்கு ஒரு நிமிடம் என்றால் 100 முறைக்கு மேல் வரும். ஆனால் எச்2எஸ் கலந்த கேஸ் நாள்பட்டால் வலுவிழக்கும். சிலிண்டர் மேல் போட்டிருக்கும் காலாவதித் தேதிக்குப் பிறகு பாதி கேஸ் மிச்சம் இருந்தாலும் பயனில்லை. வாங்கும்போதே தேதி கேளுங்கள், கிடங்கில் கிடந்ததைத் தள்ளிவிடுவார்கள். அழுத்தச் சிலிண்டரைச் சாதாரண கூரியர்காரர்கள் எடுக்கத் தயங்குவதால் பெரும்பாலும் லாரி பார்சலில்தான் வரும். தீர்ந்த பிறகு ஆர்டர் போட்டால் வாரக்கணக்கில் காத்திருக்க நேரும். கால்வாசி இருக்கும்போதே அடுத்ததுக்குச் சொல்லிவிடுங்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை காலிபிரேஷன் (அளவு தெரிந்த கேஸை வைத்து மெஷின் காட்டும் எண்ணைச் சரிசெய்வது), தடவைக்கு 1,500 முதல் 4,000. சென்சார் மாற்றம், ஒன்றுக்கு 6,000 முதல் 15,000. ஆக்சிஜன் சென்சார் இரண்டு மூன்று வருடத்தில் போய்விடும், மற்றவை கொஞ்சம் கூட வரும். இரண்டாம் வருடப் பட்ஜெட்டில் இதை எழுதாமல் விட்டால், மூன்றாம் வருடம் சென்சார் செத்த மெஷினை ஆடிட்டருக்குக் காட்டிக்கொண்டிருப்பீர்கள்.

டிடெக்டரோடு சேர்த்து முழு உடல் ஹார்னஸ், முக்காலியும் வின்ச்சும், புளோயரும் டக்டும். இவையும் ஒரே அப்ரூவலில் போகட்டும். தனித்தனியாகக் கேட்டால் டிடெக்டருக்குக் கையெழுத்து கிடைக்கும், வின்ச் "அடுத்த காலாண்டு" ஆகிவிடும்.

4. டெலிவரி அன்று பார்க்க வேண்டிய காகிதம்

பெட்டியைப் பிரித்ததும் மெஷினை ஆன் செய்யத்தான் கை போகும். முதலில் காகிதம்.

காலிபிரேஷன் சான்றிதழில் உள்ள சீரியல் நம்பரும் மெஷின் முதுகில் உள்ள நம்பரும் ஒன்றா? எந்தத் தேதியில் செய்தது? எந்தச் செறிவு கேஸ், அதன் லாட் நம்பர், அந்தக் கேஸின் காலாவதி ஆகியவை இருக்கின்றனவா? தேசிய அளவுத்தரத்தோடு தொடர்பு காட்டும் என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு) விவரம் இருக்கிறதா? எங்களுக்கு வந்த ஒன்றில் தேதி பல மாதம் பழையது. கேட்டால், "டெமோ பீஸ் சார்ட்டிஃபிகேட் மாறி வந்திருக்கும் சார்" என்றார்கள். சரியான காகிதம் வரும் வரை பில்லைப் பாஸ் செய்யாதீர்கள். பணம் போன பிறகு போன் எடுக்க மாட்டார்கள்.

அடுத்தது பெசோ (மத்திய அரசின் பெட்ரோலிய, வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு) அனுமதி. எரியும் வாயு இருக்கக்கூடிய இடத்துக்குக் கொண்டுபோகும் மின் கருவி அதற்கென அனுமதி பெற்றதாக இருக்க வேண்டும். அந்தக் கடிதத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அதில் உள்ள மாடல் பெயர் உங்கள் மெஷினின் பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறு மாடலின் கடிதத்தை நீட்டுவது சகஜம்.

வாரண்டியில் மெஷினுக்கு எவ்வளவு, சென்சாருக்கு எவ்வளவு என்று தனியாகப் பாருங்கள். சென்சார் தயாரித்த தேதியும் முக்கியம். ஆக்சிஜன் சென்சார் பெட்டிக்குள் சும்மா கிடந்தாலும் ஆயுள் குறைந்துகொண்டே வரும்.

5. ஒவ்வொரு நாளும் பம்ப் டெஸ்ட்

மெஷின் ஆன் ஆகிறது, திரையில் 20.9, 0, 0, 0 என்று அழகாக நிற்கிறது. நல்ல மெஷினும் இதைத்தான் காட்டும். சென்சார் செத்த மெஷினும் பல நேரம் இதையேதான் காட்டும், ஏனென்றால் செத்த எச்2எஸ் சென்சாருக்கு எல்லா இடத்திலும் பூஜ்யம்தான். அதனால் வேலைக்கு எடுக்கும் ஒவ்வொரு நாளும் தெரிந்த கேஸைக் கொடுத்து, மெஷின் விழித்துக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும். இதைத்தான் பம்ப் டெஸ்ட் என்கிறார்கள். உறிஞ்சும் பம்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

செய்முறை சுலபம். இ.டி.பி., ஜெனரேட்டர், பாய்லர் புகைபோக்கி, ஓடிக்கொண்டிருக்கும் லாரி எதுவும் பக்கத்தில் இல்லாத திறந்த இடத்துக்குப் போங்கள். ஆன் செய்து எண்கள் நிலைக்கும் வரை விடுங்கள். ஆக்சிஜன் 20.9, மற்றவை பூஜ்யம். சிலிண்டர் டியூபை மாட்டி ரெகுலேட்டரைத் திறங்கள். சில நொடிகளில் விளக்கு மின்ன வேண்டும், ஒலி வர வேண்டும், கையில் அதிர வேண்டும். மூன்றும் வேண்டும், சத்தமான இடத்தில் அதிர்வுதான் தெரியும். சிலிண்டர் லேபிளில் பொதுவாக எச்2எஸ் 25 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 25 பங்கு), கார்பன் மோனாக்சைடு 100 பிபிஎம், மீத்தேன் 50 சதவீத எல்இஎல், ஆக்சிஜன் 18 சதவீதம் என்று இருக்கும். திரையில் வரும் எண் அதற்குப் பக்கத்தில் வர வேண்டும். எவ்வளவு வித்தியாசம் ஏற்கலாம் என்பது கையேட்டில் இருக்கும். வரவில்லையென்றால் காலிபிரேட் செய்யுங்கள். அதற்கும் மசியவில்லையென்றால் சிவப்பு அட்டை கட்டி ஓரம் வையுங்கள். அன்று யாரும் இறங்கவில்லை, அவ்வளவுதான்.

பம்ப் உள்ள மாடலுக்கு அதன் உறிஞ்சலுக்கு ஏற்ப கேஸ் விடும் தனி ரெகுலேட்டர் உண்டு. சாதாரண மாடலின் அரை லிட்டர் ரெகுலேட்டரை இதில் மாட்டினால் எண் தப்பாக வரலாம். இரண்டு வகை மெஷினும் வைத்திருப்பவர்கள் ரெகுலேட்டர்களில் பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள். பம்ப் மாடலில் இன்னொரு சோதனை: டியூப் நுனியை விரலால் மூடுங்கள். அடைப்பு அலாரம் வர வேண்டும். வரவில்லையென்றால் டியூபில் எங்கோ ஓட்டை, டேங்க் அடியிலிருந்து வரவேண்டிய காற்றுக்குப் பதில் வழியில் உள்ள காற்றை அளந்துகொண்டிருக்கிறீர்கள்.

சிலிண்டர் இல்லாதவர்கள் செய்யும் இரண்டு குறுக்கு வழிகளைப் பார்த்திருக்கிறேன். சென்சார் மேல் வாயால் ஊதி, ஆக்சிஜன் குறைவதைக் காட்டி "பாருங்க, வேலை செய்யுது" என்பார்கள். ஆக்சிஜன் சென்சார் ஒன்றுக்குத்தான் அது சோதனை. இன்னொன்று சிகரெட் லைட்டர் கேஸைச் சென்சார் மேல் பிடிப்பது. எல்இஎல் சென்சாரைக் கெடுக்க இதைவிட வேகமான வழி இல்லை.

சோதனை முடிந்ததும் நோட்டில் தேதி, நேரம், சீரியல் நம்பர், நான்கு எண்கள், சிலிண்டர் லாட், கையெழுத்து. ஆடிட்டர் முதலில் புரட்டுவது இந்த நோட்டைத்தான். ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், ஒரு மாதத்துக்கும் 25.0 என்று எழுதியிருந்தால் அவருக்குப் புரிந்துவிடும்.

6. டேங்க் வாயில்: காற்றை எப்படி எடுப்பது

வழிகாட்டியில் நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி இது.

மெஷினை நல்ல காற்றில் ஆன் செய்து கொண்டுவாருங்கள். டேங்க் வாயில் வந்து ஆன் செய்யவே கூடாது. பல மாடல்கள் ஆன் ஆகும்போது, சுற்றியுள்ள காற்றைச் சுத்தமான காற்றாக வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்கும். கேஸ் கசியும் இடத்தில் நின்று சரி என்று அமுக்கிவிட்டால் அந்தக் கேஸ் இருக்கும் நிலையையே பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு அது காட்டும் ஒவ்வொரு எண்ணும் பொய்.

காற்று வரும் பக்கம் முதுகு காட்டி நில்லுங்கள். மூடியை முழுசாகத் திறக்காமல் இடுக்கு வழியாக டியூபை விடுங்கள். மூடிக்கு அடியில் ஓரிடம், பிறகு ஒவ்வொரு 4 அடிக்கும் ஓரிடம், கடைசியில் தண்ணீருக்கு அல்லது சேற்றுக்கு ஒரு சாண் மேலே. மேல், நடு, கீழ் மூன்றும் ஏன் வேண்டும் என்றால், மீத்தேன் காற்றைவிட லேசு, மேலே தங்கும். எச்2எஸ் கனம், அடியில் படியும். கார்பன் மோனாக்சைடு கிட்டத்தட்ட காற்றின் எடைதான், எங்கும் இருக்கும். மூலைகள், குழாய் நுழையும் இடம், தடுப்புச் சுவருக்குப் பின்புறம் ஆகியவற்றையும் விடாதீர்கள்.

ஒவ்வொரு இடத்திலும் காத்திருக்க வேண்டும். டியூப் வழியாகக் காற்று வந்து சேர அடிக்கு 2 நொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 அடி டியூப் என்றால் 40 நொடி அதற்கே போய்விடும். அதன் பிறகு எண் நிலைக்க இன்னும் ஒரு நிமிடமாவது. அவசரக்காரர்கள் டியூபைச் சரசரவென்று இறக்கி, ஐந்து நொடியில் மேலே இழுத்து "கிளியர்" என்பார்கள். அவர்கள் அளந்தது டியூபில் ஏற்கனவே இருந்த காற்றை.

டியூப் நுனி தண்ணீரில் பட்டால் பம்ப் உறிஞ்சி மெஷினுக்குள் தண்ணீர் போய்விடும். நுனியில் தண்ணீர் தடுக்கும் ஃபில்டர் கட்டாயம். டியூபும் கம்பெனி சொன்னதாகவே இருக்கட்டும். மீன் தொட்டிக் கடையில் கிடைக்கும் ரப்பர், சிலிக்கான் டியூப்கள் எச்2எஸ்ஸை வழியிலேயே கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும், எண் குறைவாக வரும்.

இப்போது சேறு. 12 அடி ஈக்வலைசேஷன் டேங்க் (வரும் கழிவுநீரை முதலில் சேர்த்துக் கலக்கும் டேங்க்) ஒன்றில் பார்த்ததைச் சொல்கிறேன். மூடிக்கு அடியில் எச்2எஸ் பூஜ்யம், ஆக்சிஜன் 20.9. நடுவில் 3 பிபிஎம். சேற்றுக்கு மேலே 6. இறங்கச் சொல்லிவிடலாம் போலத்தான் இருந்தது. டியூப் அதே இடத்தில் இருக்க, வெளியில் நின்றபடி நீள மூங்கிலால் சேற்றைக் கிளறச் சொன்னோம். குமிழி குமிழியாக வந்தது. எண் 20, 45 என்று ஏறி 60ஐத் தாண்டியும் நிற்கவில்லை. இறங்குபவரின் கால் செய்யப்போவது அந்த மூங்கில் செய்த வேலையைத்தான். அதனால் சேறு உள்ள டேங்கில் கிளறாமல் எடுத்த எண்ணை நம்பாதீர்கள்.

7. எண்களைப் படிப்பது

முதலில் ஆக்சிஜன், பிறகு எல்இஎல், கடைசியில் நச்சு வாயு. இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. பெரும்பாலான மெஷின்களில் உள்ள எல்இஎல் சென்சார் உள்ளேயே வாயுவை எரித்துப் பார்க்கும் வகை. எரிய ஆக்சிஜன் வேண்டும். ஆக்சிஜன் மிகவும் குறைந்த இடத்தில் மீத்தேன் நிறைந்திருந்தாலும் அது குறைத்துக் காட்டும்.

ஆக்சிஜன் 19.5க்குக் கீழே போனாலும் 23.5க்கு மேலே போனாலும் யாரும் இறங்கக் கூடாது. மேலே போவது கேஸ் வெல்டிங் சிலிண்டர் கசிந்தால் நடக்கும், சின்னத் தீப்பொறியும் பெருந்தீயாகும். ஆனால் 19.5 என்ற கோட்டை மட்டும் பார்ப்பதில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. திரையில் 20.0 என்று நிற்கிறது, அலாரம் இல்லை. சரிதானே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 20.9ல் 0.9 குறைந்திருக்கிறது என்றால், வேறு வாயு புகுந்து தள்ளியதால் குறைந்திருக்கும் பட்சத்தில், அந்தக் காற்றில் 4 சதவீதத்துக்கு மேல் வேறு ஏதோ கலந்திருக்கிறது. பிபிஎம்மில் சொன்னால் 40,000க்கு மேல். அது என்ன? எச்2எஸ்ஸாகவோ மீத்தேனாகவோ இருந்தால் மற்ற சென்சார் கத்தியிருக்கும். கார்பன் டையாக்சைடாக இருந்தால் உங்கள் மெஷினுக்கு அது தெரியவே தெரியாது. 20.9லிருந்து அசைந்தாலே ஏன் என்று கேளுங்கள். காரணம் தெரியாமல் இறங்காதீர்கள்.

எல்இஎல் என்பது தீப்பிடிக்கத் தேவையான குறைந்தபட்ச அளவில் எத்தனை சதவீதம் என்ற கணக்கு. மீத்தேனுக்கு அந்த அளவு காற்றில் 5 சதவீதம். திரையில் 10 என்றால் காற்றில் அரை சதவீத மீத்தேன். 10 காட்டினால் வேலை நிற்கும். வெல்டிங், கிரைண்டிங் வேலையென்றால் நான் பூஜ்யம்தான் கேட்பேன்.

எச்2எஸ்ஸுக்கு முதல் அலாரம் பெரும்பாலும் 10 பிபிஎம். நம் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் அட்டவணையிலும் எட்டு மணி நேரச் சராசரி வரம்பு 10, குறுகிய நேரத்துக்கு 15 என்றுதான் இருந்தது. இங்கே மூக்கை நம்புகிறவர்கள் நிறைய. "வருசக்கணக்கா இறங்கறமுங்க சார், நாத்தம் வந்தா ஏறிக்குவமுங்க" என்று ஒரு காண்ட்ராக்ட் மேஸ்திரி சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் மூக்குக்கு நன்றாகவே தெரியும். ஆனால் 100 பிபிஎம் வாக்கில் மூக்கு மரத்துப்போகும், நாற்றம் நின்றுவிடும், கேஸ் போய்விட்டது என்று தோன்றும். 500ஐத் தாண்டினால் சில நிமிடங்களில் சரிவார். 700, 1000 என்றால் ஓரிரு மூச்சுதான்.

கார்பன் மோனாக்சைடு அலாரம் பல மெஷின்களில் 35 பிபிஎம்மில் வைத்து வரும். டேங்கில் இது எப்படி வந்தது என்று பார்த்தால் பெரும்பாலும் நாம்தான் கொண்டுவந்திருப்போம். ஜெனரேட்டர் புகை, டேங்குக்குள்ளேயே இறக்கிய பெட்ரோல் பம்ப். கைக்குப் போட்ட சானிடைசர், பேட்டரி சார்ஜ் ஆகும்போது வரும் ஹைட்ரஜன் இரண்டும் இந்தச் சென்சாரை ஏமாற்றும். அதற்காக, எண் ஏறினால் சானிடைசராக இருக்கும் என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஆளை வெளியே எடுத்த பிறகு ஆராயலாம்.

திரையில் எண்ணுக்குப் பதில் அளவு மீறியதற்கான குறி வந்தால் மெஷின் கெட்டுவிட்டது என்று அணைத்து ஆன் செய்யும் பழக்கம் இருக்கிறது. அளக்க முடியாத அளவு கேஸ் இருக்கிறது என்பதே அதன் பொருள்.

8. புளோயர்

காற்றை உள்ளே தள்ளுங்கள், டக்டின் வாய் டேங்கின் அடி வரை போகட்டும். மேலே மட்டும் ஊதினால் மேலே மட்டும்தான் சுத்தமாகும். எவ்வளவு நேரம்? டேங்கின் கொள்ளளவைப்போல் ஏழெட்டு மடங்கு காற்று போக வேண்டும் என்பது நடைமுறைக் கணக்கு. 4 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 3 மீட்டர் ஆழம் என்றால் 48 கன மீட்டர். மணிக்கு 1,500 கன மீட்டர் தள்ளும் புளோயருக்குக் கால் மணி நேரம். டக்ட் வளைந்து நெளிந்து போனால் காற்று குறையும், அரை மணி வையுங்கள். பிறகு ஆறாவது தலைப்பில் உள்ளதை முதலிலிருந்து செய்யுங்கள். ஆள் உள்ளே இருக்கும் வரை புளோயர் நிற்கக் கூடாது.

புளோயர் காற்று இழுக்கும் பக்கம் ஜெனரேட்டர் நிற்கிறதா என்று பாருங்கள். ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்துவிட்டு "காற்று கொடுக்கிறோம்" என்பது கொலைக்குச் சமம்.

9. பெர்மிட்: இறங்க எழுத்தில் தரும் அனுமதி

2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த தொழிற்சாலைச் சட்டம் 1948இன் 36ஆம் பிரிவு இரண்டு வழி சொன்னது. தகுதி பெற்ற நபர் தானே சோதித்து, ஆபத்தான வாயு இல்லை என்று எழுத்தில் சான்று தர வேண்டும். இல்லையென்றால் இறங்குபவர் மூச்சுக் கருவி அணிந்து, பெல்ட்டில் கட்டிய கயிற்றின் மறுமுனையை வெளியில் நிற்பவர் பிடித்திருக்க வேண்டும். "தானே சோதித்து" என்ற இடத்தைக் கவனியுங்கள். ஆபீசில் உட்கார்ந்து காலையிலேயே பத்து பெர்மிட்டில் கையெழுத்துப் போட்டு வைப்பது செல்லாது. உள்ளே கொண்டுபோகும் கைவிளக்கு 24 வோல்ட்டைத் தாண்டக் கூடாது என்றும் அதே சட்டத்தில் இருந்தது.

பெர்மிட்டில் இருக்க வேண்டியவை: இடம், வேலை, இறங்குபவர்களின் பெயர், மேல் நடு கீழ் எண்களும் நேரமும், டிடெக்டர் சீரியல் நம்பர், பூட்டிய வால்வுகள் மோட்டார்கள், வெளியில் நிற்பவர் பெயர், முடியும் நேரம். ஒரு ஷிப்டுக்கு ஒரு பெர்மிட். டீ குடிக்க எல்லோரும் ஏறினால், திரும்ப இறங்கும் முன் மறுபடி அளந்து எழுத வேண்டும்.

உள்ளே இருப்பவர் அணியும் டிடெக்டர் மூக்கிலிருந்து ஒரு அடிக்குள், சட்டைக்கு வெளியே. பாக்கெட்டிலோ மழைக்கோட்டுக்கு உள்ளேயோ போட்டால் அது பாக்கெட் காற்றைத்தான் அளக்கும். வெளியில் நிற்பவருக்கு அந்த வேலை மட்டும்தான். "ஒரு ஸ்பேனர் எடுத்துட்டு வா" என்று அவரை அனுப்பிவிடாதீர்கள்.

10. அலாரம் அடித்தால்

ஏறுங்கள். அலாரத்தை அணைப்பது, இந்த நட்டை மட்டும் முடுக்கிவிட்டு வருகிறேன் என்பது எதுவும் வேண்டாம்.

உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் வெளியில் இருப்பவர் குதிக்கத்தான் பார்ப்பார், அதுவும் தம்பியோ மாமனோ உள்ளே என்றால் பிடித்து நிறுத்த முடியாது. அடைபட்ட இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கு மேல் காப்பாற்றப் போனவர்கள் என்று அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியோஷ் 1986லேயே எழுதியது. முக்காலியும் வின்ச்சும் ஹார்னஸும் ஒரே அப்ரூவலில் கேளுங்கள் என்றேனே, இதற்குத்தான். கயிறு ஏற்கனவே கட்டியிருந்தால் மேலே நிற்பவர் கைப்பிடியைச் சுற்றினால் போதும். முகத்தில் கட்டும் ஈரத் துண்டும், தூசி மாஸ்க்கும், கார்ட்ரிட்ஜ் மாஸ்க்கும் ஆக்சிஜன் தராது. 101, 108 இரண்டுக்கும் போன் செய்யும்போது "கேஸ் தாக்கியிருக்கிறது, டேங்குக்குள் இருக்கிறார்" என்று தெளிவாகச் சொல்லுங்கள், மூச்சுக் கருவியோடு வருவார்கள்.

வருடத்துக்கு ஒருமுறையாவது மணல் மூட்டையை இறக்கி வின்ச்சில் தூக்கிப் பழகுங்கள். எங்கள் முதல் ஒத்திகையில் முக்காலியின் கால் மேன்ஹோல் விளிம்பில் நிற்கவே இடமில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

11. வைக்கும் இடமும் தேதிகளும்

டிடெக்டரைக் கெமிக்கல் ஸ்டோரில் வைக்காதீர்கள். குறிப்பாக ஃபினிஷிங்கில் பயன்படும் சிலிக்கான் சாஃப்ட்னர் இருக்கும் இடத்தில். சிலிக்கான் ஆவி எல்இஎல் சென்சாரை நிரந்தரமாகக் கெடுக்கும், திரையில் எதுவும் சொல்லாது. ஆபீஸ் அலமாரிதான் சரி. மெஷினைத் துடைக்க ஈரத் துணி போதும், ஸ்ப்ரே பாலிஷ் வேண்டாம்.

மெஷின் முதுகில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி அடுத்த காலிபிரேஷன் தேதி, ஆக்சிஜன் சென்சார் மாற்றும் மாதம், சிலிண்டர் காலாவதி மூன்றையும் எழுதுங்கள். காலிபிரேஷனுக்கு ஒரு மாதம் முன்பே சர்வீஸ்காரரிடம் நாள் வாங்கிவிடுங்கள். மார்ச் மாதம் எல்லாக் கம்பெனியும் ஒரே நேரத்தில் போய் நிற்கும். மெஷின் போய்வரும் நாட்களுக்கு மாற்று மெஷின் தருவதாக இருந்தால் அதை வாய்ப்பேச்சில் விடாமல் ஆர்டரில் எழுதி வாங்குங்கள். எச்2எஸ் கிளிப் வாங்கியவர்களுக்கு ஒன்று: ஆன் செய்த நாளிலிருந்து இரண்டு வருடம் ஓடி அதுவே நின்றுவிடும் வகைதான் பெரும்பாலும் கிடைக்கிறது. நான்கைந்து ஒன்றாக வாங்கினால் எல்லாவற்றையும் அன்றே ஆன் செய்து பார்க்காதீர்கள். எந்தத் தேதிக்குள் ஆன் செய்ய வேண்டும் என்று பெட்டியில் போட்டிருக்கும். அதைப் பார்த்து, ஆள் சேரும்போது ஒவ்வொன்றாக எடுங்கள்.